மணலுக்கு மேலே

தித்துவுக்குப் பருப்புச் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தபோது ஹெல்கா அம்மா பின்வராந்தாவுக்கு வந்து நின்றாள். வெயில் ஏறும் நேரத்தில் அவள் இந்தப் பக்கம் வருவதில்லை. கையில் துவாலையும் கன்னத்தில் வேர்வையுமாக நின்றவள், "அம்சா, நாங்க கெய்ரோ போறோம். என் அக்கா வூடு. நீ வரணும். தித்து உன்னை வுட்டு இருக்க மாட்டான்" என்றாள். மூன்று வருஷத்தில் அவள் பேசக் கற்றுக்கொண்ட தமிழ் முழுக்க அம்சவல்லியின் தமிழ்தான். 'வூடு' என்று அந்தச் சிவந்த உதடுகள் சொல்லும்போது தோட்டக்காரர் பன்னீர்செல்வம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பார். அம்சவல்லி சிரிக்கவில்லை. கிண்ணத்தில் ஒட்டியிருந்ததை வழித்துக் கடைசி வாயாகக் குழந்தையின் நாக்கில் வைத்துவிட்டு, "சரிங்கம்மா" என்றாள்.

கெய்ரோ எங்கே இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. எத்தனை நாள், யாரெல்லாம், எப்படிப் போவது என்றும் கேட்கவில்லை. எதற்கும் சரி என்று சொல்லிவிடுவது அவளுக்குப் பழகிவிட்டிருந்தது. மறுத்துப் பேசுவதற்கு உடம்புக்குள் ஏதோ ஒன்று எழுந்து நிற்க வேண்டும். அது எழுந்து வெகுநாளாகியிருந்தது.

குழந்தைக்கு அவர்கள் வைத்த பெயர் டீட்டர். அது அவள் வாயில் நிற்காமல் தித்து ஆகி, பிறகு பெற்றவர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். குழந்தையின் அப்பா ஹோல்ஸ்ட் துரை, ஜெர்மனியிலிருந்து கப்பலில் துண்டுதுண்டாக வந்திறங்கிய மண்வெட்டும் இயந்திரத்தைப் பூட்டி ஓடவிடுவதற்காக நெய்வேலிக்கு வந்தவர். தேர்ச் சக்கரத்தைப் போல நான்கு மடங்கு பெரிய சக்கரம் அதற்கு. அதன் விளிம்பெல்லாம் பல் வைத்த தொட்டிகள். அது சுற்றச் சுற்ற மண் எழுந்து பெல்ட்டில் ஓடி எங்கோ தொலைவில் மலையாகக் கொட்டும். பார்க்கப் போனவர்கள் எல்லாரும் அண்ணாந்துகொண்டே நிற்பார்கள். அம்சவல்லி ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறாள்.

அவளுடைய ஊர் ஆலங்கொல்லை. மல்லாட்டை என்று அங்கே சொல்லும் நிலக்கடலை போட்ட கொல்லைகளும் முந்திரித் தோப்பும் நடுவே ஒரு தெருவும். அவள் புருஷன் பாவாடை பண்ணைக்காரர் நிலத்தில் ஏர் ஓட்டினான். அவள் களை எடுத்தாள், மல்லாட்டை பிடுங்கினாள். மஞ்சள் காமாலை வந்து கண்ணெல்லாம் மஞ்சளாகி, கடைசியில் நகம்கூட மஞ்சளாகி அவன் செத்துப் போனான். முந்திரித் தோப்புக்கு அந்தப் பக்கத்துச் சுடுகாட்டு மேட்டில் புதைத்தார்கள். மறு வருஷமே நிலக்கரிச் சுரங்கக் கம்பெனிக்கு ஊர் நிலம் போயிற்று. நிலம் உள்ளவர்களுக்கு நிலத்துக்கான நஷ்டஈட்டுப் பேச்சு நடந்தது. நிலமில்லாதவர்களுக்கு நகரியத்துக்கு வெளியே வரிசையாக மனைகள் கொடுத்தார்கள். கூரைக் கழிகளையும் அடுப்புக் கற்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு எல்லாரும் புதுக் காலனிக்கு வந்தார்கள். பாவாடையின் தம்பி கலியன் மைன்ஸில் கான்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்தான். அம்சவல்லி பன்னீர்செல்வத்தின் மூலமாக இந்தப் பங்களாவுக்குக் குழந்தை பார்க்க வந்தாள். காலையில் ஆறு வயது மகள் தனகோடியைக் கலியன் பெண்டாட்டி மாணிக்கம்மாளிடம் விட்டுவிட்டு வருவாள். பொழுது சாய்ந்த பிறகு போய்க் கூட்டிக்கொள்வாள். இப்போது அந்தப் பெண்ணுக்கு ஒன்பது வயது. சித்தி வீட்டிலேயே சாப்பிட்டு, அங்கேயே தூங்கி, அதுதான் வீடு என்று ஆகிவிட்டிருந்தது.

மறுநாள் சாயங்காலம் கலியன் ஷிப்ட் முடிந்து பங்களாவின் பின்கேட்டுக்கு வந்தான். உள்ளே வரமாட்டான். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வேலிக்கு வெளியே நின்றான். புருவத்திலும் மீசையிலும் செம்மண் ஏறியிருந்தது.

"தண்டோரா போட்டுட்டுப் போறான் அண்ணி. மைன்ஸ் வெட்டு நம்ம ஊர் சுடுகாட்டு மேடு வரிக்கும் வந்துட்டுதாம். பொங்கலுக்குள்ள அவங்கவங்க பொதைச்ச ஆளுங்கள எடுத்துக்கணும்னா எடுத்துக்கலாமாம். காலனிக்குப் பின்னால எடம் காட்டிருக்கான்."

அவள் கொடியில் காய்ந்த குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணனயும் எடுத்து இந்தாண்ட வைக்கணும். நீ இருந்தாத்தான் நல்லது. பொண்டாட்டி இல்லாம எப்பிடி எடுக்கறது."

"நான் ஊருக்குப் போறன் தம்பி."

"எந்த ஊருக்கு?"

"பேரு சொன்னாங்க. வாயில வரல. ஏரோப்ளேன்ல போவணுமாம்."

கலியன் சைக்கிள் மணியைக் கட்டைவிரலால் தடவினான். "கொழும்பு மாரி தூரமா?"

"அதுக்கும் அந்தாண்டயாம்."

அவன் குனிந்து சைக்கிள் பெடலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினான். போகாதே என்று சொல்லத்தான் வந்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. சொல்லியிருந்தால் அதற்கும் சரி என்றிருப்பாள். ஆனால் அவன் நிமிர்ந்தபோது வேறொன்றைச் சொன்னான்.

"அப்ப நானே பாத்துக்கறன். எருக்கஞ்செடிக்கு மேக்கால மூணாவது. எனக்கு எடம் தெரியும். நீ தொர கூடவே போற. எப்பனா நல்ல நேரம் பாத்து நம்ம பர்மனென்ட்டு விசயத்த ஒரு வார்த்த காதுல போட்டு வையி. அவரு சொன்னா நடக்கும்."

"சொல்றன்" என்றாள்.

அவன் சைக்கிளில் ஏறிப் போன பிறகுதான் தான் மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்துக்கொண்டிருப்பதைக் கவனித்தாள்.

பாஸ்போர்ட் வேலையை ஆபீஸ் டைப்பிஸ்ட் கோபாலகிருஷ்ணன் பார்த்துக்கொண்டார். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து பதினோராம் பிளாக்கில் குடியிருந்தவர். படம் எடுக்கிற கடையில் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, முந்தானையைச் சரிசெய்யச் சொல்லி, "கொஞ்சம் கண்ணைத் திறந்து பாரும்மா" என்று படக்காரர் பலமுறை சொன்னார். கண் திறந்துதான் இருந்தது. கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரல் மை. எல்லாம் முடிந்து கொடுக்கும்போது கோபாலகிருஷ்ணன், "நீ போற ஊர்ல பிரமிடுன்னு ஒண்ணு இருக்கு. ராஜாக்களோட சமாதி. பாலைவனத்து நடுவுல மலை மாதிரி நிக்கும். நாலாயிரம் வருஷத்துக்கும் மேல ஆச்சாம். நாங்கள்லாம் அதைப் பாடப் புஸ்தகத்துலதான் பாத்தது. விட்டுடாம பாத்துட்டு வா" என்றார். அவர் குரலில் கொஞ்சம் பொறாமை இருந்தது, அதைவிட அதிகமாக வாஞ்சை இருந்தது. "பாக்கறங்க சார்" என்றாள்.

கிளம்பும் அன்று தனகோடி எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றாள். அழவில்லை. துரைசானி அவள் கையில் ஒரு பிஸ்கட் பொட்டலத்தைக் கொடுத்தாள். அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "பொங்கலுக்கு வருவியா?" என்று கேட்டாள். "தெரியலடி" என்றாள் அம்சவல்லி. தித்து அவள் இடுப்பிலிருந்து குனிந்து தனகோடியின் ரிப்பனைப் பிடித்து இழுத்தான். ஜீப் கிளம்பியது. பிள்ளையைப் பிரிகிறோமே என்று நெஞ்சு அடைக்கும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். அடைக்கவில்லை. நகரியத்தின் நேர்நேரான தெருக்களும், ஒரே மாதிரி வீடுகளும், நட்டு இன்னும் நிழல் தராத மரக்கன்றுகளும் பின்னால் போயின. இடுப்பில் குழந்தை கனத்தது. அவ்வளவுதான்.

சென்னை, பம்பாய், பிறகு கடலுக்கு மேலே ஒரு நீண்ட பகல். பெரிய விமானத்தில் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. கெய்ரோவில் ஹெல்கா அம்மாவின் அக்கா வீடு நாலாவது மாடி. மாடியிலிருந்து பார்த்தால் பெரிய ஆறு, அதில் முக்கோணப் பாய் கட்டிய படகுகள். குளிர் எலும்பைத் தொட்டது. புடவைமேல் துரைசானியின் பழைய கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு, குழந்தையோடு அந்தப் பால்கனியிலேயே நாட்களைக் கழித்தாள். துணி துவைத்தாள், பால் காய்ச்சினாள், தித்துவைத் தூங்கவைத்தாள். கிறிஸ்துமஸ் வந்து போனது. மெழுகுவத்தி ஏற்றிப் பாடினார்கள். அவளுக்கு ஒரு பச்சை நிற சால்வை கொடுத்தார்கள். கீழே தெருவில் கழுதை வண்டிக்காரன் கூவிக்கொண்டு போவான். என்ன விற்கிறான் என்று தெரியாது. ஆனால் கூவலின் இழுப்பு விருத்தாசலத்து உப்பு வண்டிக்காரனுடையதுதான். அதைக் கேட்கும்போது மட்டும் அவள் தலை திரும்பும்.

கலியன் விஷயத்தை ஒருநாள் சொன்னாள். சாப்பாட்டு மேஜையைத் துடைத்துக்கொண்டே ஹெல்கா அம்மாவிடம் சொன்னாள், அவள் தன் பாஷையில் துரையிடம் சொன்னாள். துரை பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, பெயரை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "கலியன். குட்" என்றார். அன்று நெய்வேலி ஆபீசுக்கு அவர் எழுதிய கடிதத்தில் அந்தப் பெயரும் போயிற்று. இவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டதா என்று இருந்தது அவளுக்கு.

ஜனவரியில் ஒரு காலை, அக்கா புருஷன் ஒரு சின்ன விமானம் ஏற்பாடு செய்திருந்தார். மணல்மேல் பறந்து பழைய காலத்துச் சமாதிகளையெல்லாம் மேலேயிருந்து பார்த்துவிட்டு வருவதாக ஏற்பாடு. ஊருக்கு வெளியே ஒரு மைதானத்தில் அது நின்றிருந்தது. இரண்டு தட்டு இறக்கைகள், நடுவே கம்பிகள். இறக்கையைத் தொட்டுப் பார்த்தால் துணி. கஞ்சி போட்ட வேட்டியைப் போல விறைப்பாக இருந்தது. தித்துவை அக்காவிடம் விட்டுவிட்டு வருவதாகத்தான் இருந்தார்கள். காரில் ஏறும்போது அவன் அம்சவல்லியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நீலம் பாரித்துப் போகும் அளவுக்குக் கத்தியதில், அவளும் ஏற வேண்டியதாயிற்று. பைலட் மீசை நரைத்த ஒரு ஆள். அவளுடைய புடவையையும் கோட்டையும் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார். கடைசி சீட்டில் ஜன்னலோரம் உட்காரவைத்து, குழந்தையை அவள் மடியில் சேர்த்துக் கட்டினார்.

விமானம் குலுங்கி எழுந்தது. காதுக்குள் மாவு மில் ஓடுவது போன்ற இரைச்சல். ஊர் சாய்ந்தது, ஆறு சாய்ந்தது, பிறகு எல்லாம் நேரானது. கீழே பச்சை. வரப்பு போட்டுப் பாத்தி பாத்தியாகப் பிரித்த பச்சை, இடையிடையே பேரீச்ச மரங்கள், வாய்க்கால்கள். அது திடீரென்று நின்றது. கத்தியால் வெட்டினாற்போல ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் பயிர், அந்தப் பக்கம் மணல். ஒரு காலைப் பயிரிலும் மறு காலை மணலிலும் வைத்து ஒரு ஆள் நிற்கலாம் போல இருந்தது. மணல் மஞ்சளும் இல்லை, வெள்ளையும் இல்லை. பழங்கோணிச் சாக்கின் நிறம். அது முடியவே இல்லை.

பிறகு அவை வந்தன. முன்சீட்டில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரு பக்கமாகச் சாய்ந்தார்கள். துரை காமிராவைக் கண்ணாடியில் ஒட்டி வைத்தார். பெரியது ஒன்று, அதற்கு அடுத்தது, சின்னது ஒன்று. பக்கத்தில் கால் நீட்டிப் படுத்த ஏதோ மிருகத்தின் கல் உருவம், தலை மட்டும் மனுஷத் தலை. மேலேயிருந்து பார்க்கும்போது மலை மாதிரி இல்லை. களத்தில் தானியத்தைக் கூம்பாகக் குவித்து வைத்தது போல, நாலு பக்கமும் ஒரே சரிவாக, ஒரு பக்கம் வெயிலும் ஒரு பக்கம் நிழலுமாக உட்கார்ந்திருந்தன. அவற்றைச் சுற்றி எறும்பு போல ஒட்டகங்களும் ஆட்களும். ஹெல்கா அம்மா திரும்பி இரைச்சலுக்கு மேலே கத்தினாள்.

"அம்சா, பாரு. ராஜா. செத்துப் போனது. உள்ளே வச்சாங்க."

அம்சவல்லி பார்த்தாள். கோபாலகிருஷ்ணன் சார் சொன்னது இதுதான் என்று தெரிந்தது. எத்தனை பேர் கல் சுமந்திருப்பார்கள் என்று ஒரு நினைப்பு வந்து போனது. சுமந்தவர்களை எங்கே வைத்தார்கள் என்று அதன் பின்னாலேயே இன்னொன்று வந்தது. அதுவும் போய்விட்டது. பிறகு, கேட்க வேண்டும் என்று நினைக்காமலே கேட்டாள்.

"இப்ப உள்ள இருக்காங்களாம்மா?"

ஹெல்கா அம்மா அக்கா புருஷனிடம் கேட்டாள். அவர் கையை விரித்து என்னவோ சொன்னார்.

"இல்லே. உள்ளே ஒண்ணும் இல்லே. திருடன் எல்லாம் எடுத்துப் போச்சு. ரொம்ப முன்னே."

துரை காமிராவை இறக்கிவிட்டு ஒரு வார்த்தை சொல்ல, முன்னால் எல்லாரும் சிரித்தார்கள். அதையும் ஹெல்கா அம்மா அவளுக்குச் சொன்னாள். தன் வேலைக்காரி எதையும் தவறவிடக்கூடாது என்ற அக்கறை அவளுக்கு எப்போதும் உண்டு. "நம்ம நெய்வேலி மிஷின் இருக்கு இல்லே, அது ஒரு வருஷத்திலே இது எல்லாம் எடுத்துடும்னு சொல்றார்."

அம்சவல்லி தலையாட்டினாள். அவளுக்கு அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. எடுத்துவிடும் என்றுதான் அவளும் நினைத்தாள். அந்தச் சக்கரம் சுற்றுவதை அவள் பார்த்திருக்கிறாள்.

விமானம் தெற்கே திரும்பியது. மணலுக்குள் இன்னும் நிறைய இருந்தன. சரிந்து போனவை, படிப்படியாகக் கட்டியவை, பாதி புதைந்து ஒரு மேடாக மட்டும் தெரிந்தவை. எல்லாம் யாரோ ஒருவருடைய சமாதி. அவள் கண் அந்தப் பக்கம் நிற்காமல் அடுத்த ஜன்னலுக்குப் போனது. அங்கே மறுபடியும் பயிர்க்கோடு. தாழ்வாகப் பறந்ததால் வயலில் ஆட்கள் தெரிந்தார்கள். வரிசையாகக் குனிந்த முதுகுகள், கறுப்புத் துணி போர்த்திய பெண்கள். களை எடுக்கிறார்களா, கீரை மாதிரி எதையோ அறுக்கிறார்களா, தெரியவில்லை. ஆனால் அந்தக் குனிவு அவளுடைய இடுப்புக்குத் தெரிந்தது. காலையில் ஆரம்பித்து எவ்வளவு நேரமாகியிருக்கும், இனி எந்த வரப்பு வரை போனால் கஞ்சிக்கு விடுவார்கள் என்பதெல்லாம் தெரிந்தது. ஒருத்தி மட்டும் நிமிர்ந்து, இடுப்பில் கையை ஊன்றி, இன்னொரு கையால் வெயிலை மறைத்துக்கொண்டு விமானத்தை அண்ணாந்து பார்த்தாள். அம்சவல்லியும் அவளைப் பார்த்தாள். முகம் தெரியவில்லை. வயலும் அவளும் இறக்கைக்கு அடியில் போய்விட்டார்கள்.

தித்து அவள் மடியிலேயே வாந்தி எடுத்தான். கோட்டின் நுனியால் அவன் வாயைத் துடைத்து, தோளில் சாய்த்துக்கொண்டு முதுகைத் தட்டினாள். அவன் தூங்கிப்போனான். அந்தச் சின்ன உடம்பின் சூடு தன்மேல் பரவ, இரைச்சல் தாலாட்டு மாதிரி ஒரே சீராக ஓட, அவளும் கண்ணை மூடினாள். ஹெல்கா அம்மா ஒருமுறை தொட்டு எழுப்பி, "அம்சா, பாரு, எல்லாத்துக்கும் பழசு இதுதான்" என்றாள். விழித்துப் பார்த்து, "ஆமாங்கம்மா" என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கினாள். இறங்கிய பிறகு துரைசானி இதை அக்காவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். உலகம் முழுக்கப் பார்க்கத் தவிக்கிற ஒன்றுக்கு மேலே பறந்துகொண்டு இவள் தூங்கினாளாம்.

அவர்கள் நெய்வேலிக்குத் திரும்பியபோது பொங்கல் முடிந்து, வாசலில் மாட்டிய கூழைப்பூ காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. காலனித் தெருவே அவளைப் பார்க்க வந்தது. ஆகாயத்தில் எப்படி இருந்தது, பயமாக இருந்ததா, மேகத்தைத் தொட முடியுமா, வெள்ளைக்காரன் ஊரில் என்ன தின்றாய் என்று ஆளுக்கு ஒன்றாகக் கேட்டார்கள். "நல்லா இருந்துது", "குளுரா இருந்துது" என்று அவள் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் ஆளுக்கு ஒரு மிட்டாயை வாங்கிக்கொண்டு ஏமாற்றத்தோடு கலைந்து போனார்கள். கலியன் காக்கிச் சட்டையும், மார்பில் எண் அடித்த வில்லையுமாக வந்தான். பர்மனென்ட் ஆகியிருந்தது. வாழைப்பழமும் பூவும் வாங்கி வந்து அவள் காலடியில் வைத்தான். அவளை நேராகப் பார்க்காமல், "நாளைக்குக் காலம்பர அண்ணன் எடத்துக்குப் போயிட்டு வந்துடலாம் அண்ணி" என்றான்.

காலனிக்குப் பின்னால் சவுக்குக் கன்று நட்ட பொட்டல். புது மேடுகள் வரிசையாக இருந்தன. பெரும்பாலும் ஒரே அளவு, ஒரே வயது. தனகோடி முன்னால் ஓடிப்போய் ஒரு மேட்டைக் காட்டினாள். தலைமாட்டில் சுண்ணாம்பு அடித்த ஒரு கல், அதன்மேல் காய்ந்த கனகாம்பரம்.

"இதாம்மா அப்பா. சித்தப்பாதான் கொண்ணாந்து வச்சிது. நான் தெனம் பள்ளிக்கூடம் வுட்டு வந்து தண்ணி ஊத்தறன். பாரு, புல்லு மொளைச்சிகினு வருது."

உண்மையிலேயே ஓரத்தில் புல் முளைத்திருந்தது. அம்சவல்லி கற்பூரம் ஏற்றினாள். கலியன் தள்ளி நின்று சவுக்குக் கன்றின் ஊசி இலையைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். மகள் தரையில் விழுந்து கும்பிட்டுவிட்டு எழுந்து, அம்மா அழுகிறாளா என்று முகத்தைப் பார்த்தாள். அழாததைக் கண்டு கொஞ்சம் ஏமாந்தது போல் இருந்தது. அம்சவல்லி அந்த மேட்டையே பார்த்தாள். நீளம் குறைவாக இருந்தது. பாவாடை உயரமான ஆள். எலும்புதானே, அதற்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று தோன்றியது. கற்பூரம் அணைந்ததும் திரும்பினார்கள்.

வழியில் பம்பு வாய்க்கால். சுரங்கத்துக்கு அடியில் ஊறும் தண்ணீர் வெட்டுக்குள் ஏறிவிடாமல் இருக்க ராப்பகலாக இறைத்து, பெரிய பெரிய குழாய்களில் கொண்டுவந்து இங்கே கொட்டினார்கள். காலனிப் பெண்கள் எல்லாரும் துவைப்பது இங்கேதான். மாணிக்கம்மாள் துணி மூட்டையோடு காத்திருந்தாள். கலியன் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதென்று சைக்கிளில் போய்விட்டான். தனகோடி கட்டியிருந்த பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கிக் கொஞ்ச தூரம் போனாள். இருவரும் கல்லில் துணியை அடித்துக்கொண்டிருந்தார்கள். மாணிக்கம்மாள் ஒரே சட்டையையே ரொம்ப நேரம் அடித்தாள். கலியனுடைய காக்கிச் சட்டை அது.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். சொன்னா அந்த ஆள என்னா வேணா திட்டு. அந்த ஆளுக்கும் சோறு எறங்கல, எனுக்கும் எறங்கல."

அம்சவல்லி நிறுத்தாமல் துவைத்தாள்.

"அங்க ஒண்ணும் இல்லக்கா. வெறும் மேடுதான்."

குழாயிலிருந்து தண்ணீர் விழும் சத்தம் பெரிதாக இருந்தது. மாணிக்கம்மாள் அதற்கு மேல் குரலை உயர்த்தாமல், ஆனால் நிறுத்தாமலும் சொன்னாள். பர்மனென்டுக்குப் பேர் வந்த வாரம் அது. உடம்பு பரிசோதனை, ஒரு ஷிப்ட் முடிந்ததும் இன்னொரு ஷிப்ட். ஒரு நாள் வராமல் போனாலும் பேர் போய்விடும் என்று கங்காணி சொல்லியிருக்கிறான். நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று கலியன் தள்ளிவிட்டான். கடைசி நாளில் மண்வெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனபோது பழைய சுடுகாட்டு மேட்டைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. எருக்கஞ்செடி இருந்த இடமே இல்லை. அந்தப் பக்கம் பள்ளம். மிஷின் அடுத்த வரிசைக்கு வந்துகொண்டிருந்தது. மண்வெட்டியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டான்.

"இந்தக் கொழந்த வாசல்ல நின்னுகினு இருந்துது. அப்பாவ இட்டாந்தியா சித்தப்பான்னு கேட்டுது. அந்த ஆளுக்கு வாய் வரல. இட்டாந்து அங்க வச்சிட்டன், பாக்கலாம் வான்னு சொல்லிட்டாரு. சொன்னதுக்கு அப்புறம் ஓடிப்போயி மண்ண கூட்டி மேடு போட்டாரு. அன்னிலருந்து அதும் மூஞ்சியப் பாக்கறது இல்ல. உன் மூஞ்சியயும் பாக்கல, பாத்தியா?"

அம்சவல்லி புடவையைப் பிழிந்தாள். முறுக்கி முறுக்கிக் கடைசிச் சொட்டு வரை பிழிந்தாள். கோபம் வருமா என்று தனக்குள் பார்த்தாள். கலியன் கயிற்றுக்கு வெளியே நின்ற அந்த நாளில் தான் எங்கே இருந்தோம், பால்கனியிலா, அந்தத் துணி இறக்கை விமானத்திலா என்று யோசித்தாள். கணக்குச் சரியாக வரவில்லை. அந்தச் சக்கரத்தின் ஏதோ ஒரு தொட்டியில் பாவாடை ஏறி, பெல்ட்டில் போய், மண்மலையில் எங்கோ கொட்டப்பட்டிருப்பான். ஊரோடு, எருக்கஞ்செடியோடு, தெரிந்தவர்கள் எல்லாரோடும். தனியாக இல்லை. அவ்வளவுதான் தோன்றியது.

"தம்பிய சாப்பிடச் சொல்லு" என்றாள். "நான் ஒண்ணும் நெனைச்சிக்கல."

"கொழந்தகிட்ட?"

"அது தண்ணி ஊத்திகினு இருக்கட்டும்."

மாணிக்கம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து, துணிகளை வேலியில் காயப்போடப் போனாள். அம்சவல்லி துவைகல்லிலேயே உட்கார்ந்திருந்தாள். கீழ்ப்பக்கத்திலிருந்து தனகோடி கூப்பிட்டாள். "அம்மா, வா. நல்லா இருக்குது." ஒரு தடவை, இன்னொரு தடவை. பிறகு கூப்பிடாமல் சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்சவல்லி எழுந்து புடவையோடு இறங்கினாள். தண்ணீர் சூடாக இருந்தது. யாரோ விளாவி வைத்தது போன்ற, பூமியின் அடியிலிருந்து வந்த சூடு. முழங்கால் வரை, தொடை வரை, இடுப்பு வரை ஏறியது. மகளைத் தன் பக்கம் திருப்பி, பின்னலைப் பிரித்து, கல்லின்மேல் கொட்டாங்கச்சியில் இருந்த அரப்பை எடுத்துத் தலையில் தேய்த்தாள். தனகோடி கண்ணை இறுக மூடிக்கொண்டு தலையைப் பின்னால் சாய்த்துக் கொடுத்தாள். முடியில் சிக்கு நிறைய இருந்தது. விரலை விட்டு ஒவ்வொன்றாக எடுத்தாள். பச்சை நுரை எழுந்து, அவர்கள் இரண்டு பேருடைய இடுப்பையும் சுற்றி ஒரு வட்டம் போட்டு நின்று, பிறகு பிரிந்து, சேத்தியாத்தோப்புப் பக்கத்து வயல்களுக்குப் போகும் தண்ணீரோடு மெதுவாக நகர ஆரம்பித்தது.